பிறந்த வீட்டுக் கோடி

நான் முதன்முதலாகப் பார்த்த நவீன நடனத்தைப் பாதியில் நிறுத்தியவள் நானேதான். பதுளை பஸ் ஸ்டாண்டிலிருந்து சந்தைக்குப் போகிற வழியில், ஒரு சனிக்கிழமை பகலில் அது நடந்தது. எழுபதுகளின் கடைசி. ரொட்டிக்காக வரிசையில் நின்ற பாண் கியூக்கள் ஒழிந்து, கடைகளில் துணிமணி மறுபடி கண்ணில் பட ஆரம்பித்திருந்த காலம். பிற்பாடு நான் ஆசிரியையாகி, பிள்ளைகளுக்கு ஆட்டம் பாட்டமெல்லாம் சொல்லிக்கொடுத்து, டீச்சருக்குக் கலை என்றால் உயிர் என்று பேரும் வாங்கியிருக்கிறேன். அப்படிச் சொன்ன யாரிடமும் இந்தக் கதையை நான் சொன்னதில்லை.

எங்கள் தேயிலைத் தோட்டம் நமுனுகுல மலையின் அடிவாரத்தில், பசறை ரோட்டை ஒட்டி இருந்தது. நான் மூன்றாம் வகுப்புப் படிக்கும்போதே அப்பா காய்ச்சலில் போய்விட்டார். அம்மா கொழுந்தெடுத்து எங்கள் இருவரையும் வளர்த்தாள். அக்கா எனக்கு ஏழு வயது மூத்தவள். ஐந்தாம் வகுப்போடு நின்று, வயது வந்ததும் அம்மாவுக்குப் பக்கத்து நிரையில் அவளும் கூடையைப் போட்டுக்கொண்டு நின்றுவிட்டாள். சின்னவளாவது படிக்கட்டும் என்று முதலில் சொன்னது அம்மா அல்ல, அக்காதான். நான் பதுளைப் பள்ளிக்கூடத்துக்கு வெள்ளைக் கவுன் போட்டுப் போனதற்கு அவளுடைய கைநகத்தில் ஏறியிருந்த தேயிலைக் கறைதான் காரணம். அது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் அவளோடு ரோட்டில் நடந்து போக வெட்கப்படுவேன். அப்படியொரு பிறவி நான்.

அக்காவை அதே தோட்டத்தின் பக்கத்து டிவிசனில் கட்டிக்கொடுத்தோம். தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்புகிற ஒப்பந்தத்தில் கட்டின வீட்டுக்காரர்களுக்கு இந்தியப் பாஸ்போட் கிடைத்தது. அந்த நாளில் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் பாதி அப்படித்தான் காலியாயின. பதுளை ஸ்டேசனில் ஏற்றிவிட்டால் தலைமன்னார், அங்கேயிருந்து கப்பல், அதற்கப்புறம் யாருக்கும் எதுவும் தெரியாது. ஸ்டேசனில் விழுகிற அழுகையைப் பார்த்துத்தான் அந்த ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்று பேர் வைத்தார்கள். ஆனால் அம்மா அழவில்லை. கட்டிக்கொடுத்த பிள்ளை பயணம் போகும்போது பெற்றவள் கண்ணீர் விட்டால் ஆகாது என்று ஒரு பிடிவாதம். கோச்சி கிளம்பி, திருப்பத்தில் மறைகிறவரை வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு அழுதுகொள்ளலாம் என்று நினைத்திருப்பாள் போல.

ஒன்றரை வருடம் கழித்துக் கூடலூர்ப் பக்கத்திலிருந்து கடிதம் வந்தது. அதை நான்தான் படித்தேன், வீட்டில் எழுத்துத் தெரிந்தவள் நான் ஒருத்திதானே. அக்கா பிரசவத்தில் இறந்துபோனாள், குழந்தையும் தங்கவில்லை, ஆகவேண்டிய காரியங்களெல்லாம் முறையாகச் செய்துவிட்டோம் என்று அத்தான் எழுதியிருந்தார். ஐந்து வரிதான். மேலே போட்டிருந்த தேதியைப் பார்த்தால் ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

லயத்துப் பெரியவர்கள் கூடினார்கள். முப்பது நாள் கழிந்து வந்த செய்திக்குத் துக்கம் காக்கிற துட்டி கிடையாது, தலை முழுகினால் போதும் என்று தீர்மானமாயிற்று. பிணம் கிடக்காத வீட்டில் ஒப்பாரி வைத்தால் இன்னொரு பிணத்தைக் கேட்கும் என்றும் யாரோ சொன்னார்கள். அம்மா மலைத் தண்ணீர் விழுகிற பீலிக்குப் போய்த் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஈரப்புடவையோடு வந்தாள். மறுநாள் விடிந்ததும் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு மலைக்கு ஏறிவிட்டாள்.

ஒன்றே ஒன்றைத்தான் அவள் கேட்டாள். பிறந்த வீட்டுக் கோடி யார் போட்டார்களாம்?

எங்கள் ஆட்களில், கட்டிக்கொடுத்த பெண் இறந்தால், பிறந்த வீட்டிலிருந்து ஒரு புதுச் சேலை போக வேண்டும். அதைத்தான் கோடி என்பது. சுமங்கலியாகப் போனால் அரக்கு, சிவப்பு, மஞ்சள் என்று மங்கலமான நிறம். அந்தச் சேலையைப் போர்த்திய பிறகுதான் தூக்குவார்கள். எத்தனை பவுன் போட்டு அனுப்பினாலும், கடைசியில் அந்தச் சேலை போகாவிட்டால் அவள் நாதியற்றுப் போனவள் என்று பேர். கடிதத்தில் கோடியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இல்லையம்மா, எழுதவில்லை என்றேன். இன்னொரு தரம் படி என்றாள். படித்தேன். நாலு நாள் கழித்து, கொழுந்து நிறுத்துவிட்டு வந்து முகம் கூடக் கழுவாமல், மறுபடி படிக்கச் சொன்னாள். படிக்கப் படிக்கப் புது வரி முளைக்கவா போகிறது என்று நான் எரிந்து விழுந்தேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. சாவுக் கடிதத்தை வீட்டில் வைக்கக்கூடாது, கிழித்துப் போட வேண்டும் என்பார்கள். அம்மா கிழிக்கவில்லை. அரிசி டின்னுக்கு அடியில் வைத்திருந்தாள்.

இது நடந்து ஏழெட்டு மாதத்தில் எனக்கு ஆசிரியர் வேலைக்கு நேர்முகப் பரீட்சை வந்தது. கவுன் போட்டுக்கொண்டு போக முடியாது, சேலை கட்ட வேண்டும். வீட்டில் இருந்ததெல்லாம் மலைக்குக் கட்டிப்போகிற சேலைகள். அதனால் அந்தச் சனிக்கிழமை அம்மாவும் நானும் பதுளைக்குப் பஸ் ஏறினோம்.

நாங்கள் வழக்கமாகப் போவது ஒரு முஸ்லிம் முதலாளியின் துணிக்கடை. தோட்டத்து ஆட்களையும் உட்கார வைத்துத் துணி காட்டுகிற மனுசன். நான் வான்நீலத்தில் ஒரு நைலெக்ஸ் சேலையைப் பார்த்து வைத்திருந்தேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் கெட்டிக்கார டீச்சர்மார்களெல்லாம் அப்படிப்பட்ட நிறத்தில்தான் கட்டுவார்கள். அம்மா அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அடுக்கில் அடியிலிருந்து ஒரு நூல் சேலையை உருவச் சொன்னாள். அரக்கு நிறம், இரண்டு விரல் அகலத்துக்கு மஞ்சள் கரை. முதலாளி அதை விரித்துக் காட்டிவிட்டு, கல்யாணமா என்று கேட்டார்.

"இல்லீங்க மொதலாளி. மகளுக்கு" என்றாள் அம்மா.

நான் உர்ரென்று நின்றேன். அரக்குச் சேலையைக் கட்டிக்கொண்டு போனால் என்னைப் பார்த்து, சாமி கும்பிட வந்தாயா வேலைக்கு வந்தாயா என்று கேட்கப்போகிறார்கள் என்று அம்மாவின் காதில் கடித்தேன். நூல்தான் உழைக்கும் என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். முதலாளி சேலையைப் பழைய பேப்பரில் சுற்றி, சணல் கட்டிக் கொடுத்தார். அம்மா அதை என்னிடம் கூடத் தராமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

சந்தைப் பக்கம் திரும்பியபோது தகரம் தட்டுகிற சத்தம் கேட்டது. வட்டமாகக் கூட்டம். கறுப்புப் பனியனும் கறுப்புக் கால்சட்டையும் போட்ட ஆறேழு இளம்பிள்ளைகள், அதில் மூன்று பெண்கள், செருப்பில்லாமல் ரோட்டோரத்து மண்ணில் நின்றார்கள். கொழும்பிலிருந்து வந்தவர்கள் என்று பார்த்ததும் தெரிந்தது. ஒருவன் பிஸ்கட் டின்னைக் கவிழ்த்து வைத்துத் தட்டிக்கொண்டிருந்தான். இன்னொருவன் சிங்களத்தில் என்னவோ சொல்லிவிட்டு, வாங்க, பாருங்க, காசு வேண்டாம் என்று உடைந்த தமிழிலும் சொன்னான். காசு வேண்டாம் என்றதும் கூட்டம் இன்னும் நெருங்கியது.

எனக்கு ஆட்டம் என்றால் பள்ளிக்கூடத்துத் தமிழ்த்தின விழாவில் சலங்கை கட்டி, கண்ணுக்கு மை இழுத்து, சிரித்த முகம் கோணாமல் ஆடுவது. கூத்து என்றால் மாசி மாதத்தில் எங்கள் தோட்டத்தில் நடக்கிற காமன் கூத்து. சிவன் மன்மதனை எரித்துவிட, ரதி வேசம் கட்டினவர் மார்பிலடித்து அழுவார். சுற்றியிருக்கிற பெண்களும் அவரோடு சேர்ந்து உட்கார்ந்து ஒப்பாரி சொல்லி அழுவார்கள். ஆட்டக்காரர்களுக்குத் துண்டு போர்த்துவார்கள், வேட்டி கொடுப்பார்கள். படித்த திமிரில் நான் இரண்டு வருடமாக அந்தப் பக்கமே போகவில்லை. கொட்டுச் சத்தம் கேட்காமலிருக்கக் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு பாடம் படித்தவள்.

இங்கே மையும் இல்லை, சலங்கையும் இல்லை, ஒரு பாட்டும் இல்லை. ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள். கூட்டத்துக்கு உடனே புரிந்துவிட்டது. பாண் கியூ! எல்லோரும் சிரித்தார்கள். முன்னால் நிற்பவனின் முதுகில் பின்னால் நிற்பவளின் தாடை படுகிறது, ஒரு தோள் சரிந்தால் வரிசை முழுக்கச் சரிகிறது, கால் மட்டும் நகர்வதில்லை. பிறகு வரிசையிலிருந்து ஒருத்தி மட்டும் பிரிந்து வந்தாள். என் வயதுதான் இருக்கும், ஒல்லியானவள், முடியைத் தூக்கிக் கட்டியிருந்தாள். குனிந்தாள். இரண்டு கையும் காற்றில் கொழுந்து எடுத்தன. எடுத்து எடுத்து முதுகுக்குப் பின்னால் எறிந்தாள். டின் சத்தம் வேகமாக ஆக, அவள் கையும் வேகமாயிற்று.

அம்மா என் தோளைத் தொட்டு, "இது கொழுந்து எடுக்கல புள்ள, முருங்கக் கீர உருவுது" என்றாள்.

எனக்கு அவள் பேசியது பிடிக்கவில்லை. நான் கண்ணை எடுக்காமல் பார்த்தேன். அந்தப் பெண்ணின் விரல் தவறாக இருந்தாலும் முதுகு சரியாக இருந்தது. நாள் முழுக்கக் கூடை சுமந்துவிட்டு லயத்துக் காம்பரா வாசலில் வந்து நிமிர்கிறபோது இடுப்பில் ஒரு உடைசல் வருமே, அது அவளிடம் இருந்தது. அக்கா அப்படித்தான் நிமிர்வாள். உடம்பை வைத்துக்கொண்டு இதையும் சொல்லலாமா என்று நான் கால் விரலில் எம்பி நின்று பார்த்தேன். எனக்கு மட்டும் விளங்குகிறது, இந்தக் கூட்டத்தில் வேறு எவருக்கும் விளங்காது என்று பெருமையாகவும் இருந்தது.

அவள் கை மெதுவாகத் தளர்ந்தது. ஒரு கையால் வயிற்றைப் பிடித்தாள். முழங்கால் மடங்கி, பக்கவாட்டில் சாய்ந்து, மண்ணில் மல்லாந்து விழுந்தாள். டின் சத்தம் நின்றது. மற்றவர்கள் அவளைத் தாண்டித் தாண்டி நடந்துபோய், கூட்டத்தின் ஓரத்தில் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, எங்கள் முகத்தையே பார்த்து நின்றார்கள். அவள் நடுவில் கிடந்தாள். யாரும் அசையவில்லை. ஒரு பஸ் உறுமிக்கொண்டு போயிற்று. கூட்டத்தில் சிலர் முடிந்துவிட்டதா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அப்போதுதான் என் பக்கத்தில் அம்மா இல்லை என்று கண்டேன்.

அவள் வட்டத்துக்குள்ளே போய்விட்டிருந்தாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். சணலைப் பல்லால் கடித்து அறுத்தாள். பேப்பரைப் பிரித்து, அரக்குச் சேலையை உதறி விரித்து, கிடந்தவளின் காலிலிருந்து கழுத்துவரை போர்த்தினாள். கரை சுருங்காமல் நீவிவிட்டாள். முகத்தை மூடவில்லை. பிறகு தலைமாட்டில் உட்கார்ந்து, கொண்டையை அவிழ்த்துவிட்டு ஆரம்பித்தாள்.

"கோடி எடுத்து வந்தேன் - என் கண்ணே
கோச்சி கெடைக்கலியே
கடலு குறுக்க நிக்க - என் கண்ணே
காலுக்கு வழியில்லையே…"

அம்மாவின் குரல் அவ்வளவு பெரிது என்று எனக்கு அதுவரை தெரியாது. மலையில் ஒரு நிரையிலிருந்து மறு நிரைக்குக் கூப்பிடுகிற குரல் அது. ஸ்டேசனில் அழாதது, பீலியில் அழாதது, எல்லாம் ஒன்றாக வந்தது. கறுப்புச் சட்டைப் பிள்ளைகள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். டின் வைத்திருந்தவன் மட்டும் மெல்லக் குனிந்து, விரல் நுனியால், அம்மாவின் பாட்டுக்கு அடிக்கு அடி தட்ட ஆரம்பித்தான். காய்கறிப் பையோடு நின்ற ஒரு சிங்களப் பெண் பையைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இதெல்லாம் இப்போதுதான் எனக்கு ஞாபகம் வருகிறது. அன்றைக்கு இதில் எதையும் நான் பொருட்படுத்தவில்லை.

அன்றைக்கு என் காதில் விழுந்தது வேறு. எனக்குப் பின்னால் யாரோ தமிழில், சிரிப்பை அடக்கிக்கொண்டு, "தோட்டக்காட்டுப் பொம்பள, நெசம்னு நெனச்சிருச்சு" என்றார்கள். திரும்பிப் பார்த்தால், என்னோடு படித்த டவுன் பெண் ஒருத்தி கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். அவளுக்கு என் அம்மாவைத் தெரியாது. ஆனால் தெரிந்துவிடுமே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

நான் உள்ளே போனேன். எழுந்திரும்மா, இது நாடகம்மா என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். அவள் காதில் விழவில்லை, அல்லது விழுந்தும் கேட்கவில்லை. தோளைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை. சேலையை எடுத்துவிட்டால் எழுந்துவிடுவாள் என்று தோன்றியது. என் சேலைதானே என்றும் தோன்றியது. மறைப்பானேன், அதுவும் தோன்றியது. குனிந்து சேலையைப் பிடித்து உருவினேன்.

வரவில்லை. எங்கேயோ மாட்டிக்கொண்டிருந்தது. பார்த்தேன். கிடந்தவளின் வலது கை, போர்த்திய சேலைக்குள்ளிருந்து, மஞ்சள் கரையை நாலு விரலால் பற்றியிருந்தது.

அவள் கண்ணைத் திறக்கவில்லை. மூச்சு ஏறுவதும் இறங்குவதும் கூடத் தெரியவில்லை. விரல் மட்டும் பற்றியிருந்தது. நான் பலமாக இழுத்தேன். விரல் விட்டது. அப்போதுதான் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். கோபமில்லை அந்தப் பார்வையில். ஏன் என்று கேட்டது. நான் சேலையைச் சுருட்டி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மற்றக் கையால் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு கூட்டத்தைக் கிழித்து வெளியே வந்தேன். அம்மாவின் பாட்டு ஒரு சொல்லின் நடுவில் நின்றது. அவிழ்ந்த தலையோடு, ஒரு கையில் செருப்பைத் தூக்கிக்கொண்டு என் பின்னால் வந்தாள். அதற்கப்புறம் அவர்கள் என்ன ஆடினார்கள், எப்படி முடித்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

பஸ்ஸில் அவளைத் திட்டினேன். மானத்தை வாங்கிவிட்டாயே, படித்தவர்கள் ஆடுகிற ஆட்டம் உனக்கு விளங்குமா, விளங்காவிட்டால் சும்மா நிற்கக்கூடாதா, உன்னைக் கூட்டிக்கொண்டு வந்தேனே என்று பசறை ரோடு முழுக்கத் திட்டினேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். சேலை என் மடியில் இருந்தது. அதில் ரோட்டு மண் ஒட்டியிருந்தது. லயத்துக்கு ஏறுகிற படிக்கட்டில் அதை என்னிடமிருந்து வாங்கி, மண்ணைத் தட்டி, நாலாக மடித்துக்கொண்டாள்.

போட்ட கோடியைத் திரும்ப எடுக்கக்கூடாது. அது எங்கள் லயத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

பரீட்சைக்குப் போகிற நாள் காலையில் என்ன கட்டுவது என்று நான் கேட்கவில்லை. கேட்க வாயில்லை. ஆனால் நான் பீலியிலிருந்து வந்தபோது அந்தச் சேலை துவைத்து, மடித்து, கட்டிலில் இருந்தது. அம்மா அடுப்புக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"கட்டிக்க. அக்கா குடுத்ததா நெனச்சுக்க" என்றாள்.

கட்டிக்கொண்டு போனேன். வேலையும் கிடைத்தது. அதற்குப் பிறகு அந்தச் சேலையை நான் ஒரு நாளும் கட்டியதில்லை. பெட்டியின் அடியில் போட்டு, மேலே மற்றதையெல்லாம் அடுக்கினேன். ஊர் ஊராக மாற்றல் வந்தபோதெல்லாம் அதுவும் என்னோடு வந்தது.

எண்பதுகளில் அப்புத்தளைப் பக்கம் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். தோட்டத்து வேலையிலிருந்து பேர் எழுதி வாங்கிக்கொண்டு அம்மாவும் என் குவாட்டர்ஸுக்கு வந்துவிட்டாள். நெஞ்சில் சளி கட்டி, மூச்சுக்கு இழுத்துக்கொண்டிருப்பாள். நான் அந்த வருடத்துக் கலைவிழாவுக்குப் பிள்ளைகளைப் பழக்கிக்கொண்டிருந்தேன். அதற்காகவே பண்டாரவளைக்குப் போய், அப்படி ஒரு வீதி ஆட்டத்தைக் கடைசிவரை பார்த்துவிட்டும் வந்தேன். ஆட்கள் வேறு, ஆனால் ஆட்டம் கிட்டத்தட்ட அதேதான். ஒருத்தி விழுந்து கிடக்கிறாள். மற்றவர்கள் நம்மைப் பார்த்து நிற்கிறார்கள். நிமிடக்கணக்கில் நின்றார்கள். யாரும் போகவில்லை. கடைசியில் அவளே எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு, கூட்டத்தைப் பார்த்துக் கையைக் கூப்பினாள். ஜனம் கைதட்டியது. முடிந்ததும் நான் அவளிடம் போய், ஏன் அவ்வளவு நேரம் கிடந்தீர்கள் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கேட்டேன். யாராவது வருவார்களா என்று பார்ப்போம், இதுவரை யாரும் வந்ததில்லை என்றாள்.

நான் பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு வந்தேன். பகல் சாய்கிற நேரம், வெளியே மூட்டம் இறங்கியிருந்தது. அம்மா சாக்கைப் போர்த்திக்கொண்டு அடுப்படியில் இருந்தாள். அத்தனை வருடத்தில் முதல் தடவையாக அந்தப் பேச்சை எடுத்தேன். அன்றைக்குப் பதுளையில் அது நிஜம் என்று நினைத்துவிட்டாயா அம்மா என்று கேட்டேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், வாயில் வந்தது அதுதான்.

அம்மா சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, அடங்க நேரமாயிற்று.

"எனக்கென்ன கிறுக்கா? கூத்துன்னு தெரியாமயா போவேன். காமன் கூத்துல ரதி அழுகுறப்ப நாங்க அழுவமே, மூணாம் நாளு மன்மதன் எந்திரிச்சிருவான்னு தெரிஞ்சுதான அழுவுறோம்."

அவள் விறகைத் தள்ளிவிட்டு, அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஒங்க அக்காவுக்கு நான் வர்ற வரைக்கும் காத்திருக்க முடியல, பாவம். அந்தப் புள்ள காத்திருந்துச்சு. கரையப் புடிச்சிருந்துச்சு, பாத்தியா?"

அந்த விரல்களைப் பார்த்தது நான் ஒருத்தி மட்டும்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன். பார்த்தேன் அம்மா என்றேன்.

"நீ இன்னும் ஒரு அஞ்சு நிமிசம் விட்டிருக்கலாம்டி" என்றாள். அதைக் கோபமாகச் சொல்லவில்லை. அடுப்பில் உலை கொதித்துவிட்டது, அரிசியைப் போடு என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள். நான் எழுந்துபோய் அரிசியைக் களைந்தேன். களைந்துகொண்டே அழுதேன். தண்ணீர்ச் சத்தத்தில் அவளுக்குக் கேட்டிருக்காது.

அந்த வருட மழைக்கு அம்மா தாங்கவில்லை. அவளுடைய பிறந்த வீட்டுக் கோடி போட ஆளில்லை. அண்ணன் தம்பிகளெல்லாம் எப்போதோ கோச்சி ஏறிப் போனவர்கள். நான் வெள்ளைப் புடவை ஒன்று வாங்கிப் போர்த்தினேன். தூக்குகிற நேரத்தில், பெட்டியின் அடியிலிருந்து அரக்குச் சேலையை எடுத்து வந்தேன். சுற்றியிருந்த பெண்கள் திகைத்துப்போனார்கள். ஒரு பெரியம்மா என் கையைப் பிடித்து, தாலியறுத்தவளுக்கு அரக்குச் சேலையா, அதுவும் கட்டின சேலையைப் போடுவார்களா என்று கேட்டார்.

"அம்மாவுக்கு இல்லீங்க" என்றேன். "அக்காவுக்கு. அம்மாகிட்ட குடுத்து விடுறேன்."

பெரியம்மா கையை விட்டுவிட்டார். தூக்க நின்றவர்களிடம் ஐந்து நிமிடம் பொறுக்கச் சொன்னேன். மழை வருகிறது என்று யாரோ முணுமுணுத்தார்கள். ஆனாலும் பொறுத்தார்கள். நாலாக மடித்த சேலையை அம்மாவின் நெஞ்சுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவள் வலது கையை எடுத்து, மஞ்சள் கரையை அந்த விரல்களுக்குள் கொடுத்து, ஒவ்வொரு விரலாக மடக்கினேன். என் கையை எடுத்ததும் விரல்கள் விரிந்துகொண்டன. மறுபடி மடக்கினேன். ஐந்து நிமிடமும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். அம்மா பிடிக்கவில்லை.